நூலகத்து அமைதிக்குப் பொறுப்பான ஒசெல்லா டூப்பார்

பள்ளி மாவட்டத்தின் பதிவேட்டில் திருமதி ஒசெல்லா டூப்பார், நூலக அமைதிக் கண்காணிப்பாளர். வாசிப்பறையில் பேச்சு, சிரிப்பு, நாற்காலி இழுபடும் ஓசை, இன்னபிற ஒலிகள் எழாமல் பார்த்துக்கொள்வது அவர் கடமை. அவர் தாழ்ந்த குரல் உடையவர், மென்மையான காலணி அணிபவர், இந்தப் பணிக்கென்றே பிறந்தவர் என்று அந்தக் காலத்துப் பரிந்துரை ஒன்று கூறுகிறது.

இதில் காலணி மட்டும் உண்மை. பெரிய டிரம்மின் மிதிகட்டையைத் தடித்த செருப்போடு மிதித்தால் தாளம் காலுக்குத் தெரியாது என்பது அவர் கட்சி. குரலைப் பொறுத்தவரை, டூமெய்ன் தெரு முனையில் நின்று அவர் ‘ஏய்’ என்றால், அவருக்குச் சம்பந்தமே இல்லாத காய்கறி வண்டி இரண்டு தெரு தள்ளி நிற்கும்.

நூலகத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒரு புயலில் வெள்ளம் புகுந்து, புத்தகங்களை மாடிக்குத் தூக்கினோம். வெள்ளம் வடிந்தது, புத்தகங்கள் இறங்கி வரவில்லை. ஆக, புத்தகம் இல்லாத நூலகம் ஒன்றும் அதன் அமைதியைக் காக்க ஓர் ஆளும் எங்களிடம் இருந்தன. நியூ ஆர்லியன்ஸில் இதை யாரும் முரண்பாடாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏற்பாடு முழுவதும் தலைமையாசிரியர் நூமா கிளாப்பியோனுடையது. ஒல்லியான மனிதர், கழுத்தில் வில் டை, பாட்டுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் வித்தியாசம் தெரியாத காது. இசை அவருக்குப் பிடிக்காது. ஆனால் தெருவில் பேண்டு கேட்டால் போதும், பாதி வகுப்பு ஜன்னல் வழியாக இறங்கி ஊர்வலத்தின் பின்வரிசையில் ஆடப் போய்விடும். அது அவருக்கு இன்னும் பிடிக்காது. “இவனுங்கள ஊர்வலத்துலேர்ந்து இழுத்துட்டு வர முடியாது. ஊர்வலத்த உள்ள கொண்டு வந்துர வேண்டியதுதான்” என்றார் ஆசிரியர் கூட்டத்தில். இசை ஆசிரியருக்கு மாவட்டம் சம்பளம் தராது. நூலகப் பணியாளருக்குத் தரும். மறுவாரம் நூலகத்தில் ஒசெல்லாவோடு டிரம்கள் வந்து இறங்கின.

நான் அங்கே வடிவியல் கற்பித்தேன். என் வகுப்பு நூலகத்துக்கு நேர் மேலே. என் மாணவர்களுக்கு நடுவயது ஆகிவிட்டது. இன்றும் பைதகோரஸ் தேற்றத்தைச் சொல்லச் சொன்னால் நாலு தட்டில், இரண்டாவதிலும் நாலாவதிலும் அழுத்தம் கொடுத்துத்தான் சொல்வார்கள்.

ஒசெல்லா ஏழாவது வார்டில் சுவர் பூசும் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா பூச்சுக்கரண்டியால் சுவரில் போட்ட தாளத்தைக் கீழே கவிழ்த்த சாந்து வாளியில் திருப்பிப் போட்டதுதான் முதல் பாடம். பதினெட்டு வயதில் அவரைக் கேனல் தெருவின் பெரிய ஓட்டல் ஒன்றில் டிரம் வாசிக்க எடுத்துக்கொண்டார்கள், ஒரு நிபந்தனையோடு. பெண் டிரம் அடிப்பதைப் பார்த்தால் விருந்தினருக்குச் செரிக்காது என்று முதலாளி நம்பினார். ஆகவே நடுவில் வெல்வெட் திரை, திரைக்கு முன்னால் தொட்டியில் ஈச்சைமரம். திரைக்குப் பின்னால் யாரோ அசகாய ஆண்பிள்ளை இருப்பதாக ஊர் பேசியது. இரண்டு சீமாட்டிகள் அவனுக்குப் பூங்கொத்து அனுப்பினார்கள்.

யாரும் பார்க்கப்போவதில்லை என்றால் எதற்கு அலங்காரம்? ஒசெல்லா வீட்டு அங்கியோடும் தலை நிறைய முடி சுருட்டும் உருளைகளோடும் வாசிப்பார். ஒரு மாலை நடனத்தில் திரையின் ஓரம் மிதிகட்டையில் சிக்கியது. ஒவ்வொரு மிதிக்கும் திரை ஒரு விரற்கடை இறங்கியது. பாட்டு வேகமான பாட்டு. கடைசித் தட்டில் திரை, திரைக்கம்பு, ஈச்சைமரம் எல்லாம் ஒன்றாக விழ, உருளைத் தலையோடு உட்கார்ந்திருந்த ஒசெல்லா, பழக்க தோஷத்தில், அந்த விழுதலுக்கும் ஒரு சிம்பல் தட்டு தட்டிவிட்டார். கைதட்டல் ஓயவில்லை. முதலாளி அன்றே வேலையை விட்டு நீக்கினார். மறுவாரம் கிளைபோர்ன் அவென்யூ கிளப் ஒன்று இரட்டைச் சம்பளத்துக்குக் கூப்பிட்டது. அவர்களுக்கும் ஒரு நிபந்தனை இருந்தது: உருளைகளோடுதான் வரவேண்டும். அப்படியே இரண்டு வருடம் வாசித்தார். அவர் முடி அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு அழகாகச் சுருண்டதில்லை.

நூலகத்தில் அவர் கற்பித்த முறையையும் யாரும் எந்தப் புத்தகத்திலும் பார்த்திருக்க முடியாது. சேர்ந்த பிள்ளைக்கு மாதக்கணக்கில் குச்சி கிடையாது. நடக்க வேண்டும். திங்கட்கிழமை என்றால் ஊர் முழுக்கச் சிவப்பு பீன்ஸ் வேகும். நூலகத்து மூலையிலும் ஓர் அடுப்பில் வெந்தது. மதியம் அந்தப் பானையை விளிம்புவரை நிரப்பிப் பிள்ளையின் கையில் கொடுத்து, சாவு ஊர்வல நடையில் அறையைச் சுற்றி வரச் சொல்வார். ஓர் அடி, ஓர் இழுப்பு, ஒரு நிற்றல். குழம்பு சிந்தினால் இன்னொரு மாதம் குச்சி இல்லை.

“மிஸ், நான் டிரம் கத்துக்க வந்தேனா, பரிமாறக் கத்துக்க வந்தேனா?” என்று கேட்டாள் லாட்ரிஸ். பெரிய டிரம்முக்குப் பின்னால் நின்றால் காலும் தொப்பியும் மட்டுமே தெரியும் பெண் அவள்.

“மெதுவா நடக்கத் தெரியாதவ வேகமா அடிச்சா அது சத்தம், கண்ணு. சத்தத்த அடக்கத்தான் எனக்குச் சம்பளம் தர்றாங்க. நட.”

ஒரு நவம்பரில் நூமா கிளாப்பியோன் இறந்துபோனார். அதற்குச் சில வாரம் முன்னால் ஒசெல்லாவைக் கூப்பிட்டனுப்பிச் சொல்லியிருந்தார்: “நான் போறப்ப பெரியவங்க பேண்டு வேண்டாம். நம்ம பிள்ளைங்க போதும். நல்லா வாசிச்சாங்களான்னு எனக்குத் தெரியப் போறதில்ல, உயிரோட இருந்தப்பவே தெரியல. ஆனா தெருவுக்குத் தெரியணும்.”

அடக்கம் திங்கட்கிழமை என்று முடிவாயிற்று. அதே நாளில் மாவட்டத்தின் ஆய்வாளர் மிஸ்டர் புரூயிட் வருவதாகவும் கடிதம் வந்தது. அமைதிக் கண்காணிப்பாளரின் அறையிலிருந்து அமைதி வருவதில்லை என்று அக்கம்பக்கத்தில் யாரோ எழுதிப்போட்டிருந்தார்கள். கண்காணிப்பாளரை அவர் இடத்தில் வைத்து நேரில் பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் பதவி ரத்து, அறையில் இனி உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைப்பார்கள். காப்பாற்ற நூமாவும் இல்லை.

நான் படியிறங்கி ஓடினேன். ஒசெல்லா டிரம் தோலை முறுக்கிக்கொண்டிருந்தார்.

“மிஸ் ஒசெல்லா, திங்கட்கிழமை நீங்க இங்க இல்லேன்னா இந்த ரூமே போயிரும். பிள்ளைங்களுக்கு வேற எங்க இடம் இருக்கு?”

“தெரியும், மிஸ்டர் செராஃபின்.”

“அப்ப?”

“நூமா ஒரு தடவதான் போவாரு. இன்ஸ்பெக்டர் மறுபடி மறுபடி வருவாரு.”

“வந்தா ரூமுக்குள்ள நாற்காலிதான் இருக்கும்!”

“நீங்கதான் கணக்கு வாத்தியாராச்சே. எதையாவது நிரூபிச்சு அந்த மனுஷன நிறுத்தி வைங்க.”

திங்கட்கிழமை காலை பிள்ளைகள் வெள்ளைச் சட்டை, இரவல் கறுப்புத் தொப்பி சகிதம் தேவாலயத்துக்குப் போய்விட்டார்கள். பீன்ஸ் பானையை இறக்கி மூடிவைத்து நான் காவல் இருந்தேன். மிஸ்டர் புரூயிட் வந்தார். வடக்கே ஷ்ரீவ்போர்ட்காரர், பழுப்பு சூட், கையில் தோல்பை. கதவைத் திறந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அந்த அறையில் அப்படியொரு அமைதியை நானும் கேட்டதில்லை. குழாய் சொட்டுவது கேட்டது.

“இருபது வருஷமா ஆய்வு பண்றேன்,” என்றார் கிசுகிசுப்பாக. “இப்படி ஒரு வாசிப்பறையப் பாத்ததில்ல.”

“பயிற்சி சார்.”

“பிள்ளைங்க எங்க?”

“அமைதியா இருக்காங்க சார்.”

“எங்க அமைதியா இருக்காங்க?”

“ஒரு சாவு வீட்ல.”

“கண்காணிப்பாளர்?”

“அங்க கண்காணிக்கப் போயிருக்காங்க.”

அவர் மூலையைக் காட்டினார். “அது என்ன பானை?”

“இன்னைக்கு திங்கட்கிழமை சார்” என்றேன். எங்கள் ஊரில் அது முழுமையான பதில். ஷ்ரீவ்போர்ட்டில் இல்லை போலிருக்கிறது. “எந்த இடத்துல இருக்காங்களோ அந்த இடத்துல போய்ப் பாத்துட்டு எழுதிக்கிறேன்” என்று தோல்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். நிரூபிக்க ஒன்றும் கைவசம் இல்லாததால் நானும் கூடப் போனேன்.

ஊர்வலம் கிளைபோர்ன் அவென்யூவை நெருங்கும்போது சேர்ந்துகொண்டோம். முன்னால் வெள்ளைச் சவவண்டி, பின்னால் காரில் விதவை மிஸ் எலோயிஸ், அதற்குப் பின்னால் பிள்ளைகள். அவர்களில் எவரிஸ்ட் என்ற பையன் டிரம்பெட்டில் பழைய துதிப்பாடலை இழுத்து இழுத்து ஊதினான். ஒசெல்லா கழுத்தில் சின்ன டிரம். அதன் அடித்தோலுக்கும் அதில் பட்டு அதிரும் கம்பிகளுக்கும் நடுவே வெள்ளைக் கைக்குட்டை செருகியிருந்தது. அப்போதுதான் டிரம்மின் குரல் அடங்கி, கதவுக்கு அப்பாலிருந்து தட்டுவதுபோல் வரும். ஆளைக் கல்லறை வாசலில் விட்டுவிட்ட பிறகுதான் கைக்குட்டையை உருவ வேண்டும். உருவியதும் டிரம் கத்தும், தெரு ஆடும். அதுவரை ஒருத்தர் தோள் அசைக்கக் கூடாது. பின்வரிசையில் ஊரே மடக்கிய குடைகளோடு பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தது. மிஸ்டர் புரூயிட் தொப்பியைக் கழற்றினார். அவர் கால் தானாகவே இழுத்து இழுத்து நடப்பதைக் கண்டேன்.

அவென்யூவின் மேல் நெடுஞ்சாலைப் பாலம் போகிறது. அதன் அடியில் எந்த பேண்டு வாசித்தாலும் இரண்டாகக் கேட்கும். நாங்கள் இந்தப் பக்கம் மெதுவாக நுழைந்தபோது, பாலத்துக்கடியில் பக்கவாட்டிலிருந்து இன்னொரு பேண்டு வெடித்துக்கொண்டு வந்தது. சிப்பி உடைக்கிற ஆல்ஃபான்ஸின் சாவு. அவரைக் கல்லறையில் விட்டுவிட்டுத் திரும்பும் பெரியவர்கள் பேண்டு, முழு வேகத்தில். எதிரே மெதுவான ஊர்வலம் வந்தால் வாயை மூடி ஒதுங்குவதுதான் மரியாதை. ஆனால் திருப்பத்தில் ஒரு மதுக்கடை இருந்தது, அவர்கள் கண்கள் அந்தப் பக்கம் இருந்தன. கைக்குட்டை செருகிய டிரம் எங்கே கேட்கப்போகிறது?

எங்கள் பின்வரிசைக்கோ பெரிய சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

“ஆள விட்டாச்சு டோய்!”

“அதுக்குள்ளயா?”

“நூமா எப்பவும் நேரத்துக்கு முன்னாடி மணியடிக்கிற ஆளுதானய்யா!”

குடைகள் படபடவென்று விரிந்தன. கூட்டம் மொத்தமும் இடுப்பை ஒடித்து, கைக்குட்டை வீசி, வலப்பக்கம் திரும்பி ஆல்ஃபான்ஸின் பேண்டோடு போய்விட்டது. ஓர் அகலமான அம்மாள் மிஸ்டர் புரூயிட்டின் கையில் குஞ்சம் வைத்த மஞ்சள் குடையைத் திணித்தார். “சும்மா நிக்காத தம்பி, செத்தவரு கோவிச்சுக்குவாரு!”

“அம்மா, நான் அலுவல் விஷயமா…”

மீதி எனக்குக் கேட்கவில்லை. பழுப்பு சூட்டும் மஞ்சள் குடையும் தலைகளின் மேல் துள்ளித் துள்ளி மறைவதை மட்டும் பார்த்தேன்.

பாலத்தடியில் சவவண்டியும், ஒரு காரும், பிள்ளைகளும், நானும் மிஞ்சினோம். லாட்ரிஸின் தொப்பி பெரிய டிரம்முக்கு மேலே எழுந்தது.

“மிஸ்! எல்லாரும் போயிட்டாங்க மிஸ்! கைக்குட்டைய உருவுங்க! ஒரே ஒரு உருட்டு உருட்டினா போதும், திரும்பிருவாங்க!”

“ஐயாவ இன்னும் விடல.”

“தெருவுக்குத் தெரியணும்னு சொன்னாராம்ல? தெருவே இல்லியே மிஸ்!”

“ஐயா இருக்காரா?”

“இருக்காரு…”

“கையில பானை இருக்குன்னு நினைச்சுக்க. நட.”

முன்காரின் கண்ணாடி இறங்கியது. “ஒசெல்லா, கூட்டம் எங்கடீ?”

“வேற சாவுக்குப் போயிருக்கு, மிஸ் எலோயிஸ். வந்துரும்.”

மிஸ் எலோயிஸ் காலித் தெருவை எட்டிப் பார்த்தார். “அவர் பேச எந்திரிச்சாலே பாதிப் பேர் வெளிய போயிருவாங்க. அவருக்கு இதெல்லாம் பழக்கம்தான்” என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கார் குலுங்கியதைப் பார்த்தால் உள்ளே அவர் சிரித்தது தெரிந்தது.

அப்படியே போனோம். ஓர் அடி, ஓர் இழுப்பு, ஒரு நிற்றல். ஒரு சொட்டுக் குழம்பு சிந்தவில்லை. கூட்டம் இல்லாததால் கைக்குட்டைக்குள் அடங்கிய அந்தத் தட்டு வீட்டுச் சுவர்களில் பட்டுத் திரும்புவது கேட்டது. ஆட்கள் முற்றத்துக்கு வந்து பேசாமல் நின்றார்கள். முடிவெட்டும் கடையில் பாதித் தலையோடு ஒருவர் எழுந்து துண்டை மார்பில் பிடித்துக்கொண்டார். எங்கள் தெருக்கள் அவ்வளவு அடங்கி நான் பார்த்ததில்லை. யோசித்தால், அன்றைக்கு அந்த அம்மாள் தம் பதவிக்குரிய வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். ஆனால் இடம் தவறான இடம்.

கல்லறை வாசலில் பிள்ளைகள் இரண்டு வரிசையாகப் பிரிந்து தொப்பியை எடுத்தார்கள். சவவண்டி நடுவே போயிற்று. “போய்ட்டு வாங்க, சார்” என்றார் ஒசெல்லா. பிறகு கைக்குட்டையை உருவி, முகத்தைத் துடைத்து, தோளில் போட்டுக்கொண்டு குச்சியைத் தூக்கினார்.

அந்த உருட்டலை எழுத்தில் வைக்க என்னால் ஆகாது. புறாக்கள் எழுந்தன. மாதக்கணக்காகப் பானை சுமந்த பிள்ளைகள் அனைவரும் ஒரே நேரத்தில் பானையைக் கீழே போட்டதுபோல் இருந்தது. லாட்ரிஸ் டிரம்மோடு சேர்ந்து குதித்தாள். எவரிஸ்ட் ஊதிய ஒரு சுரம் எந்தப் பாட்டிலும் இல்லாதது. எனக்கு ஆடத் தெரியாது. ஆடினேன்.

இதற்குள் நம் கூட்டம் ஆல்ஃபான்ஸின் வீட்டு வாசலில் ஆடிக்கொண்டிருந்தது. விதவை மிஸ் கிளோத்தில், சமைத்த சோறு போதாதே என்ற பதற்றத்தில், குடைக்காரர் ஒருவரைப் பிடித்து “நீங்க ஆல்ஃபான்ஸுக்கு என்ன வேணும்?” என்று கேட்டாராம். “ஆல்ஃபான்ஸ் யாரு?” என்றாராம் மிஸ்டர் புரூயிட். பேண்டு சட்டென்று நின்றது. நின்ற அந்த நொடியில்தான் தூரத்தில் சின்ன டிரம்மின் உருட்டல் கேட்டது.

“ஐயய்யோ, நூமாவ இப்பதான் விடுறாங்க!”

ஓடி வந்தார்கள். எங்கள் கூட்டம் மட்டுமில்லை, ஆல்ஃபான்ஸின் கூட்டம், ஆல்ஃபான்ஸின் பேண்டு, மன்னிப்புக்கு அடையாளமாக ஒரு கூடை சிப்பியும். மிஸ் கிளோத்திலும் கூடவே வந்துவிட்டார். ஆர்லியன்ஸ் அவென்யூவில் இரண்டு பேண்டும் மோதிக்கொண்டபோது, பெரியவர்களின் டிரம்மர் ஒசெல்லாவைப் பார்த்துக் குச்சியை நெற்றியில் வைத்தார். பிறகு பிள்ளைகளுக்குப் பின்னால் போய் நின்று வாசித்தார். தெருவுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தக் கூட்டத்தின் நடுவிலிருந்து மஞ்சள் குடை வந்தது. தொப்பி இல்லை, தோல்பை ஒரு குழந்தையின் தலையில் இருந்தது, சூட்டின் பையில் சிப்பி ஓடு.

“நீங்கதான் அமைதிக் கண்காணிப்பாளரா?” என்று கத்தினார்.

“என்னது?” என்றார் ஒசெல்லா.

“அமைதி! அமைதிக் கண்காணிப்பாளர்!”

“கேக்கல சார்! சத்தமா சொல்லுங்க!”

அவர் கேள்வியை விட்டுவிட்டார். குடை மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தது.

மாலை நூலகத்தில் பீன்ஸைச் சுடவைத்துச் சோற்றோடு அவருக்கும் ஒரு தட்டு போட்டோம். பிள்ளைகள் சுவரோரம் உட்கார்ந்து மூச்சுவிடாமல் அவரையே பார்த்தார்கள். அறை யாருக்கு, அவர்களுக்கா நாற்காலிகளுக்கா என்பது அந்தக் கரண்டிக்குப் பின்னால் இருந்தது. அவர் காகிதத்தை எடுத்தார்.

“அந்தம்மா வேலை நேரத்துல இங்க இல்ல. அத எழுதித்தான் ஆகணும்.”

“தாராளமா எழுதுங்க சார்,” என்றேன். “எங்க இருந்தாங்கன்னு மேல கேப்பாங்க.”

“சவ ஊர்வலத்துல இருந்தாங்க. நானே பாத்தேன்.”

“நீங்க எங்கேர்ந்து பாத்தீங்கன்னு கேப்பாங்க.”

கரண்டி நின்றது.

“காலைல இந்தக் கதவத் தெறந்தப்ப உங்களுக்கு என்ன கேட்டுது சார்?”

“ஒண்ணுமே கேக்கல.”

“அது பொய்யா?”

“இல்ல…”

“இவ்வளவுதான் நிரூபணம்.”

மிஸ்டர் புரூயிட் ஒசெல்லாவைப் பார்த்தார். ஒசெல்லா பானையை நீட்டினார். “இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா, தம்பி?”

“வைங்க” என்றார்.

அவர் எழுதியது இது: வாசிப்பறையை நேரில் ஆய்ந்தேன், அங்கே நிலவும் அமைதி முழுமையானது, பதவி தொடரலாம். மறுவருடம் வேறு மூன்று பள்ளிகள், இந்த அமைதியை எப்படிச் சாதிக்கிறீர்கள் என்று பார்த்துவர ஆள் அனுப்பின. வந்தவர்களுக்கு ஒசெல்லா பானையைக் கொடுத்து நடக்கச் சொன்னார். குஞ்சம் வைத்த மஞ்சள் குடை ஒன்று வருடா வருடம் எங்கள் ஊர்வலங்களில் தென்படும். யாருடையது என்று யாரும் கேட்டதில்லை.

ஓய்வுபெற்ற நாளில் மாவட்டம் அவருக்கு ஒரு பித்தளைத் தகடு கொடுத்தது. அமைதிக்கு ஆற்றிய சேவைக்காக என்று அதில் பொறித்திருந்தது. அதன் ஓசை நன்றாக இருந்ததால் சிம்பலுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார்.

ஒசெல்லா டூப்பார் அந்த அறையில் இருபத்தாறு வருடம் பிள்ளைகளுக்கு டிரம் அடிக்கக் கற்றுக்கொடுத்தார்.